வேறு தோட்டத்து இலை

காலை ஐந்து மணி பத்து நிமிடம். மாடியிலிருந்து நான் முதலில் பார்த்தது, தெருவிளக்கு வெளிச்சத்தில் குழாயடியில் நின்று குளித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை. தலை முழுக்கப் பச்சையாக அரப்புத் தூள் அப்பியிருந்தது. முந்தின நாள் மாலை ஒருமுறை குளித்திருந்தார். படுக்கும் முன் இன்னொருமுறை. இது மூன்றாவது.

அவர் கீழ்வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார், நான் மாடி அறையில். மைசூர் விஜயநகரில் அப்போதுதான் மனை பிரித்து விற்றிருந்தார்கள். தெருவுக்கு நாலைந்து வீடுகள்தான் எழும்பியிருந்தன. மற்ற மனைகளில் கேழ்வரகு அறுத்த தாள் அப்படியே நின்றது. தெருவுக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது, தெருவில் ஆட்கள் வரவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் மைசூர்ச் செய்தியாளன். அலுவலகம் என்று ஒன்று கிடையாது. அறைதான் அலுவலகம். நான் எழுதிய செய்தியை அச்சில் பார்க்க மறுநாள் மாலைப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

கீழ்வீட்டுக்காரர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஆலையில் வேலை செய்தார். கொசுவை விரட்ட மின்சாரத்தில் சூடாக்கி வைக்கும் நீல அட்டை வில்லைகளுக்கு மருந்து ஊற்றி உறையிடும் ஆலை. ஊர் ஹனூருக்கு அப்பால். கொள்ளேகால், ஹனூர் பக்கத்தில் தலைமுறைகளாக விவசாயம் செய்யும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று. ஊரில் மனைவி தனியாக இருந்தார். குழந்தைகள் இல்லை. கொஞ்சம் மல்பெரித் தோட்டம், ஒரு கிணறு, ஒரே அறையுள்ள ஓட்டு வீடு. அந்த வீட்டுக்குள்தான் பட்டுப்புழு வளர்ப்பு.

கொசுவைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். சட்டையில் ஒட்டிய நெடி போதும். ஆகவே அந்த வீட்டில் ஒரு விதி இருந்தது. புழு உள்ளே இருக்கும்வரை வீட்டுக்காரர் வாசல் தாண்டக் கூடாது. ஒரு பயிர், அதாவது முட்டையிலிருந்து கூடுவரை ஒரு ஈடு புழு, முடிந்து வீட்டைக் கழுவி, அடுத்த முட்டை வாங்கும்வரை சில நாள் இடைவெளி கிடைக்கும். அந்த நாட்களில் ஆலையில் லீவு கிடைத்தால் அவர் தன் வீட்டுக்குள் தூங்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து வருவதில்லை.

"இந்தப் பயிரோட சரிங்க சார்," என்று அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆடியில போனப்பவே சொல்லிப்புட்டா. நம்ம தோட்டம் ஒரு பயிரைத் தாங்கிருச்சுன்னா, வேலைய விட்டுட்டு வந்துருங்கன்னு. மூணு பயிரு போச்சுங்க. இது நிக்கும்."

அவருடைய தகரப்பெட்டி கட்டிய நிலையில் கட்டிலடியில் இருந்தது. மாற்றுச் சட்டையைக்கூட அதிலிருந்து எடுத்து, மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பார்.

இரண்டு நாளுக்கு முன்பு ஹனூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டு உரிமையாளரின் போனுக்குக் கீழ்வீட்டுக்காரரின் மனைவி கூப்பிட்டார். நாலாவது சுரம் எழுந்துவிட்டது என்றார். தோலுரிக்கும் முன் புழு தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அதைத்தான் அந்தப் பக்கத்தில் சுரம் என்கிறார்கள். நாலாவது சுரம் எழுந்த புழு, கூடு கட்டும்வரை உள்ள ஒரு வாரத்தில் தன் ஆயுளுக்கான இலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அந்த வாரத்தில்தான் கிணறு அடி தெரிந்திருந்தது. கடைசி நாட்களுக்குத் தோட்டத்தில் இலை காணாது. ஊரே ஒரே நாளில் முட்டை வாங்கியிருந்ததால் அக்கம்பக்கத்திலும் கேட்க முடியாது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவர் மாடிப்படியின் கீழ்ப்படியில் நின்றபடி என்னை விசாரித்தார்.

"சார், உங்க ரூம்ல கொசுவுக்கு என்ன வைக்கிறீங்க?"

"வலை கட்டியிருக்கேன்."

"மேட்டு வச்சதே இல்லீங்களா?"

"அந்த நெடிக்குத் தலை வலிக்கும்."

தன் ஆலைச் சரக்கைப் பற்றி இப்படிக் கேட்டு மகிழ்ந்த தொழிலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"பீடி, சிகரெட்டு?"

"கிடையாது."

"பொடி? பொகையில?"

"இல்லை."

"தலைக்கு?"

"தேங்காயெண்ணெய்."

"வாசம் போட்டதுங்களா?"

"செக்கு எண்ணெய்."

"கல்யாணம் ஆகலீங்கள்ல?"

"அதுக்கும் புழுவுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இல்லீங்க, அது சும்மா கேட்டேன்."

விஷயம் இதுதான். திருமகூடலு நரசீபுரத்துக்குப் பக்கத்தில் கால்வாய்ப் பாசனத் தோட்டம் ஒன்றில் இலை விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார். அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் இலையை அவர் தொடக் கூடாது. தொடுவதற்கு ஒரு ஜோடிக் கை வேண்டும்.

எனக்கும் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது. மைசூர் மாவட்டம் இரண்டாகப் பிரியப்போகிறது, தெற்கும் கிழக்கும் சேர்ந்து சாமராஜநகர் மாவட்டம் ஆகும் என்ற பேச்சு இருந்தது. மாவட்டத்தின் நிலம், பயிர், தொழில் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்றை ஆசிரியர் கேட்டிருந்தார். ஹுணசூரில் புகையிலைச் சூளைகளைப் பார்த்தாயிற்று. நஞ்சன்கூட்டில் வாழை பார்த்தாயிற்று. சாமராஜநகரில் மஞ்சள் வேகவைக்கும் களத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். பட்டு மட்டும் பாக்கி.

சாக்குகளை நான்தான் வாங்கிக் கழுவி, என் அறையில் கொடிகட்டிக் காயவைத்தேன். அவர் கட்டிக்கொள்ளப் புது வேட்டி ஒன்றும் என் பையில் இருந்தது.

முதல் பேருந்தில் நான் முன்வரிசையில் சாக்குக் கட்டுடன் உட்கார்ந்தேன். அவர் கடைசி வரிசையில். சேர்ந்து கிளம்பிய இருவரும் ஊர் சேரும்வரை அப்படித்தான் போனோம். நடத்துனர் முன்னால் வந்து என்னிடம் டிக்கெட் கேட்டபோது பின்னாலிருந்து, "ரெண்டும் இங்கதான்" என்று அவர் கன்னடத்தில் குரல் கொடுத்தார். நடத்துனர் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருக்க வேண்டும். என் டிக்கெட்டை என்னிடம் கொடுத்து, "சமாதானமா போங்கப்பா" என்றார்.

நரசீபுரத்தில் கபினி காவிரியில் சேர்கிறது. படித்துறையில் அவர் உடுத்தி வந்ததைக் கழற்றிக் கல்லுக்கடியில் வைத்துவிட்டு நான்காவது முறையாகக் குளித்தார். ஈமக் காரியத்துக்கு ஆள்கள் வரும் இடம் அது. மொட்டைத் தலைகளுக்கு நடுவில் இவர் அரப்புத் தேய்த்து முங்கி முங்கி எழுவதைப் பார்த்த ஒரு புரோகிதர், நெருங்கி வந்து, யாருக்குக் காரியம் என்று கேட்டார்.

"புழுவுக்குங்க சாமி," என்றார் இவர்.

புரோகிதர் என்னைப் பார்த்தார். நான் வேட்டியைக் கைநீட்டி எட்டத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பழைய மைசூர் மாவட்டத்தின் வரைபடத்தில் கால்வாய்களை நீலத்தில் காட்டியிருப்பார்கள். நரசீபுரத்தைச் சுற்றி அந்த நீலம் வலைபோல ஓடும். நெல், கரும்பு, தென்னை, ஊடே மல்பெரி. கொள்ளேகால் தாண்டிக் கிழக்கே போகப் போக நீலம் மெலிந்து நின்றுவிடும். அங்கிருந்து மலை வரை மானாவாரிக் கேழ்வரகும் கொள்ளும், கிணற்றை நம்பிய சிறு தோட்டங்களும். பேருந்தில் இரண்டு மணி நேரத்தூரம்தான் வித்தியாசம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கடந்து தண்ணீர் போக வழியில்லை. இலை போகலாம்.

தோட்டத்தில் பனி இன்னும் ஆறவில்லை. பறிக்கிற பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். அவர் வரப்பில் நின்றுகொண்டார். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, தன்மேல் பட்ட காற்று இலைப் பக்கம் போகாதபடி இடம் மாறிக்கொண்டார். அங்கிருந்தே கத்தினார்.

"சார், கொழுந்து வேண்டாங்க, கொழுந்து சின்னப் புழுவுக்கு! நடு எலை! கரும்பச்சையா இருக்கறது! அழுத்தாதீங்க சார், எலை வெந்துரும்!"

பறித்ததைப் பெண்கள் என்னிடம் கொடுக்க, நான் சாக்கில் தளர்வாகப் போட்டேன். ஒரு பெண் கன்னடத்தில் மற்றவளிடம் கேட்டாள், "வரப்பில நிக்கிறவர் என்ன மகாராஜாவா? வேட்டி புதுசா இருக்கு." மற்றவள், "மகாராஜான்னா குடை பிடிக்க ஆள் வேணுமே," என்றாள். "இதோ இருக்கானே," என்று முதல் பெண் என்னைக் காட்டினாள். அவர்களுக்கு என் கன்னடம் போதாது என்று நினைப்பு. வரப்பில் நின்றவரும் சிரித்தார்.

நான்கு சாக்கு நிறைந்தது. மேலே தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி, வெயிலேறும் முன் கொள்ளேகால் பேருந்தில் ஏற்றினோம். 'ஏற்றினோம்' என்பது பழக்கத்தில் வரும் சொல். ஏற்றியது நான், வழி சொன்னது அவர்.

கொள்ளேகாலில் பேருந்து மாறும்போது அவரைச் சிறிது நேரம் காணவில்லை. மலைக் கோயிலுக்குப் போகும் பேருந்து கிளம்புகிற சமயத்தில் ஓடிவந்து பின்வாசலில் ஏறினார்.

ஹனூரைத் தாண்டி ஓரிடத்தில் போலீஸ் வண்டியை நிறுத்தினார்கள். அந்த வருடங்களில் அந்தச் சாலையில் அது வழக்கம். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி, பருப்பு, மருந்து போய்விடாமல் ஒவ்வொரு மூட்டையையும் பார்ப்பார்கள். ஒரு கான்ஸ்டபிள் பீடியை வாசலில் மிதித்து அணைத்துவிட்டு ஏறினார். என் முன்னால் இருந்த முதல் சாக்கின் துணியை விலக்கி, கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார்.

"ஐயா! கை வைக்காதீங்கய்யா!"

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலில் பேருந்து மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கான்ஸ்டபிளும் திரும்பினார். கையை எடுக்காமலே கேட்டார்.

"ஏன்? உள்ளே என்ன இருக்கு?"

"எலைங்கய்யா."

"எலைக்கா இந்தக் கத்து?"

எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். நான்கு சாக்கும் சாலையோரப் புளியமரத்தடிக்கு வந்தன. இரண்டாவது சாக்கை நோக்கி அந்தக் கை நீண்டபோது இவர் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டார். நான் பத்திரிகைக்காரன் என்று சொல்லி அட்டையைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் என் போர்வையை விரித்து, மீதி மூன்று சாக்கையும் என் கையாலேயே கொட்டி, பரப்பிக் காட்டி, மறுபடி அள்ளிப் போடுவது. கான்ஸ்டபிள் குனிந்து பார்ப்பார், தொடமாட்டார். பயணிகளில் ஒருவர், "அள்ளுங்க சாமி, அள்ளுங்க, மலைக்குப் போயி நாளைக்கிச் சாமி கும்பிட்டுக்கறோம்," என்றார்.

மூன்றையும் அள்ளிய பிறகு முதல் சாக்கைத் தூக்கப் போனேன்.

"அது வேண்டாங்க சார்," என்றார் இவர்.

"ஏன்?"

"கை பட்டிருச்சுங்களே."

பேருந்தில் வந்த ஆட்டு வியாபாரி ஒருவர் உடனே அந்தச் சாக்கைத் தன் ஆடுகள் பக்கம் இழுத்துக்கொண்டார். கான்ஸ்டபிளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் கை என்ன அவ்வளவு அழுக்கா? காலையில் குளிச்சேன் நான்."

"அழுக்கில்லீங்கய்யா. பீடிங்க. நானுங்கூட காலையில இருந்து ரெண்டு தடவ குளிச்சுட்டேன், என்னையும் தொட விடமாட்டாங்க."

கான்ஸ்டபிள் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு வண்டியைப் போகச் சொன்னார்.

ஊர் நிறுத்தத்திலிருந்து வீடு கொஞ்சத் தூரம். சாக்குகளை நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனேன். அவர் முன்னால் நடந்து வழி காட்டினார். கிளுவை வேலியில் ஒரு படல். அதற்கு உள்பக்கம் சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப்புறம் அவருடைய மனைவி நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். கையில் ஈரம். கழுத்தில் மஞ்சள் கயிறு தவிர வேறெதுவும் இல்லை. முதலில் சாக்குகளைப் பார்த்தார், பிறகு கணவரை.

"நாலுன்னீங்க?"

"ஒண்ண ஆடு தின்னுருச்சு."

"ஆட்டையும் கூட்டிக்கிட்டா வந்தீங்க?"

"வா புள்ள, வந்த ஒடனே சண்டைக்கி நில்லு."

"தம்பி, நீங்க உள்ள வாங்க," என்றார் என்னிடம்.

கணவர் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கல் வழுவழுப்பாக இருந்தது.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர். காலை நனைத்து உள்ளே போனேன். சுவருக்குச் சுவர் மூங்கில் தாங்கிகள், அடுக்கடுக்காகத் தட்டுகள். மேலே, புழுவின்மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஊசி ஈ புகாமல் நைலான் வலை. கட்டிலைப் பிரித்து, அதன் சட்டங்களையே ஒரு தாங்கிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அடுப்பு வெளியே இருந்தது. சாமி விளக்கும் வெளியே, ஒரு சுவர் மாடத்தில். தாளிப்பு நெடியும் எண்ணெய்ப் புகையும் புழுவுக்கு ஆகாது என்பதால் சாமியும் சமையலும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தன. அம்மாள் இலையைக் கையில் எடுத்து முகர்ந்தார், நுனியைக் கிள்ளிப் பார்த்தார், தட்டுகளில் பரப்பத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இலை மறைந்து காம்பு தெரிந்தது. அறை முழுக்க ஒரு சின்னச் சத்தம், விடாமல். அதற்குச் சரியான சொல் என்ன என்று யோசித்தபடி நின்றேன். கிடைக்கவில்லை.

"இந்த எலை பத்துமா?" என்று கேட்டேன்.

"பத்த வைக்கோணுங்க தம்பி," என்றார். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் வெளியே வந்ததும் அவர் கல்லிலிருந்து எழுந்துவிட்டார்.

"எப்படி இருக்குதுங்க சார்?"

"நல்லா தின்னுது."

"வெள்ளையா இருக்குதுங்களா? மஞ்சப் பாரிச்சது ஏதாச்சும்?"

"இல்லை. எல்லாம் வெள்ளைதான். விரல் நீளம்."

"சத்தம் கேட்டுதுங்களா?"

"கேட்டது."

"வாசல்ல நின்னாக்கூட கேக்கும். இங்க வராது." வீட்டுப் பக்கம் பார்த்தார். "தெக்குச் செவுத்துல ஒரு விரிசல் இருந்துதுங்க. பெருசாயிருச்சுங்களா?"

என் வேலை அப்படி, அதைக் கவனித்திருந்தேன். "மண்ணுல பூசியிருக்கு."

"யாரு பூசுனா?"

அது எனக்குத் தெரியவில்லை.

"அவளேதான் பூசியிருப்பா," என்றார்.

சாப்பாடு வந்தது. களியும் கீரைக் கடைசலும், தாளிக்காதது. எனக்கு வாசலில் வைத்தார். கணவருக்கு உள்ளதைக் கோட்டருகே வைத்துவிட்டுப் பின்னால் போனார். இவர் வந்து எடுத்துக்கொண்டு கல்லுக்குத் திரும்பினார். இருவரும் அந்தத் தூரத்திலேயே பேசினார்கள். கிணற்றில் எத்தனை படி தெரிகிறது, மாமன் மகள் கல்யாணம், ஆலையில் புது சூப்பர்வைசர். உரக்கப் பேசவேண்டியிருந்ததால் பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலிலிருந்தே, "சூப்பர்வைசரு கன்னடத்துக்காரனுங்களாண்ணா?" என்று கேட்டாள். அந்தத் தம்பதி பேசிக்கொள்வது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கிளம்புகிற நேரம் அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் படல்மேல் வைத்தார். கொள்ளேகால் பேருந்து நிலையத்தில் காணாமல் போனது இதற்குத்தான். மல்லிகைச் சரம். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது.

அம்மாள் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"அறிவு இருக்குதா உங்களுக்கு? புழு இருக்கற ஊட்டுக்கு மல்லியப் பூவா?"

அவர் பூவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். நான்கு முறை குளித்த மனிதர். மூன்று சாக்கு இலைக்காக நாள் முழுக்கக் காற்றுப் பார்த்து ஒதுங்கி நின்றவர். பூ வாங்கும்போது அவருக்கு அது தோன்றவே இல்லை.

"மறந்துட்டேன் புள்ள."

"எடுத்துட்டுப் போங்க. போங்க, போங்க. அந்தப் பக்கமாப் போங்க, காத்து இப்படி அடிக்குது."

பேருந்து நிறுத்தத்தில் இருந்த ஒரு சிறு கோயிலின் கதவுச் சங்கிலியில் அதை மாட்டினார். திரும்பும் வழியில் சாக்கு எதுவும் இல்லாததால் பக்கத்தில் உட்காரலாமே என்றேன். வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் வேலை முடிந்து வந்ததும் வீட்டு உரிமையாளரின் ஜன்னலருகே நின்று, போன் வந்ததா என்று கேட்பார். ஒரு மத்தியானம் வந்தது. நான்தான் எடுத்தேன். பூத்துக்காரரின் குரல், பின்னால் அம்மாளின் குரல். "பழுத்துருச்சுன்னு சொல்லச் சொல்றாங்க," என்றார் பூத்துக்காரர். தின்பதை நிறுத்தி, உடல் கண்ணாடிபோல மங்கிய மஞ்சளாகி, நூல்விடத் தயாரான புழுவைப் பழம் என்பார்கள். அதைப் பொறுக்கிச் சந்திரிகையில், அதாவது சுருள்சுருளாக மூங்கில் பட்டை பின்னிய பாயில், விடவேண்டும். ஊரார் கைகொடுத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. இலை கடைசி வேளைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரு தட்டுகூட வீணாகவில்லை.

அன்று மாலை அவர் தகரப்பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிவந்தார்.

கூடு விற்கும் நாளில் நானும் கொள்ளேகால் சந்தைக்குப் போனேன். கட்டுரைக்கு அது தேவை. விவசாயிகள் கூட்டைத் தொட்டிகளில் கொட்டி வைக்க, நூல் எடுப்பவர்கள் தொட்டி தொட்டியாக வந்து கைவிட்டு அள்ளுவார்கள். விரலால் அழுத்துவார்கள். ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கூட்டுப்புழு நல்லபடியாக உருளும் சத்தம் தந்தால் தலையாட்டுவார்கள். அம்மாளின் தொட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கீழ்வீட்டுக்காரர் முன்னாலேயே வந்து அங்கே நின்றிருந்தார். கூட்டுக்குள் போன புழுவை அவர் நெடி ஒன்றும் செய்யாது. தன் கையாலேயே கூட்டைக் கிளறிக் காட்டினார். கணவனும் மனைவியும் ஒரே தொட்டியின் ஒரே பக்கத்தில், தோள் இடிக்க நின்றதை அன்றுதான் பார்த்தேன். விலையும் நல்ல விலையாகத்தான் போனது.

சந்தை வாசல் டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தோம். அம்மாள் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றார். எண்ணெய் வாசனையை அனுபவித்துத் தின்றதுபோல் இருந்தது. கணவர் மடியிலிருந்து ஒரு மல்லிகைப் பொட்டலத்தை எடுத்தார்.

"இப்பத் தரலாமுங்களா, அம்மணி?"

"இப்பக் குடுங்க," என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப இந்த மாசக் கடைசியில கணக்கு முடிச்சுக்கறேன்னு ஆபீஸ்ல சொல்லிறட்டுமா?"

"எதுக்குங்க?"

"பயிரு நின்னுருச்சல்ல. நீ சொன்னதுதான்."

அம்மாள் பஜ்ஜிக் காகிதத்தை மடித்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையில்லாத தூரத்தில்தான் அவர் இருந்தார்.

"நம்ம தோட்டம் தாங்குனாத்தான்னு சொன்னேன். கடைசி எலை நம்ம தோட்டத்துது இல்லீங்களே."

"எலைக்கு ஊரு பேரு இருக்குதா? புழுவுக்குத் தெரியுமா எந்தத் தோட்டத்து எலைன்னு?"

"புழுவுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுதே. அந்த எலைய எதுல வாங்குனீங்க? உங்க சம்பளத்துல. நீங்க ஊட்டுக்கு வந்துட்டா அடுத்த கோடைக்கு எங்கிருந்து எலை வரும்?"

அவர் என்னைப் பார்த்தார். அம்மாள் சொன்னதில் தவறு இல்லை. அதையே நான் என் கட்டுரையில் வேறு வார்த்தைகளில் எழுதவேண்டியிருந்தது. கிழக்குத் தாலுகாக்களில் பட்டுத் தொழிலைத் தாங்குவது கிணறு அல்ல, மைசூரிலிருந்து மாதாமாதம் வரும் கூலி என்று.

"கெணத்த ஆழப்படுத்துவமுங்க," என்றார் அம்மாள், கொஞ்சம் தணிந்து. "தண்ணி கண்டுச்சுன்னா வாங்க. நானா வேண்டாங்கறேன்?"

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் கல்லு அங்கயேதான கெடக்குது, மாமா."

அவர் சிரித்தார். அம்மாளும் சிரித்தார். பிறகு அம்மாளின் ஊர்ப் பேருந்து வந்தது. அடுத்த முட்டை நாலு நாளில் என்று ஏறும்போது சொன்னார். அதற்குள் வீட்டைக் கழுவ வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அந்த நாலு நாளுக்கு ஆலையில் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். லீவு கிடைக்கவில்லை.

கட்டுரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. இடமில்லை என்று பட்டுப் பகுதியை ஆசிரியர் இரண்டு வரியாகச் சுருக்கியிருந்தார். அந்த வரிகளில் பட்டு அப்பகுதியின் முக்கியத் தொழில் என்றும், மண்ணும் தட்பவெப்பமும் அதற்கு ஏற்றவை என்றும் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "கரெக்டா எழுதிருக்கீங்க சார்," என்று திருப்பிக் கொடுத்தார்.

பின்னால் மாவட்டம் பிரிந்தது. அவருடைய மனைவி இருந்த ஊர் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது, அவருடைய ஆலை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் வீட்டு உரிமையாளருடன் எப்போதாவது போனில் பேசுவேன். கிணற்றில் தண்ணீர் கண்டதா என்று ஒருமுறை கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஆலை மூடப்படும்வரை கீழ்வீட்டுக்காரர் அங்கேதான் வேலை செய்தார்.